வாடும் நெல்லுக்கு இலைத்தெளிப்பு: ஆவடி ரயில் பாதையோரம் ஒரு தொழில்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வேலை தேடுகிறவர்களுக்குத் தொழிற்பேட்டை தெரியும், கிடங்கு தெரியும், டெலிவரி வண்டி தெரியும். அதே மின்ரயிலில் ஆவடியைத் தாண்டி இன்னும் சில நிறுத்தங்கள் போய்ப் பாருங்கள். திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, திருவள்ளூர் என்று மனைப்பிரிவுகளுக்கு நடுவே கழனி இன்னும் இருக்கிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டத்திலும் இந்த மாவட்டத்தில் நெல் வைக்கிறார்கள். மழை பத்து நாள் தள்ளிப்போய்க் கிணறும் கீழே இறங்கிவிட்டால், பயிரைக் காட்டிக் கேட்கவும் கையோடு ஒரு தெளிப்பு அடித்துக் கொடுக்கவும் அங்கே ஆள் கிடைப்பது கஷ்டம்.

அந்த ஆளாக வர நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். வேளாண் பட்டயம் முடித்துவிட்டு உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பவராக இருக்கலாம். பி.எஸ்சி. வேளாண்மை படித்துத் தேர்வுக்குக் காத்திருப்பவராக இருக்கலாம். ஐடிஐ ஃபிட்டர், மகளிர் குழு உறுப்பினர் என்று யாராகவும் இருக்கலாம். தெளிப்பான் தூக்குவது இந்த வேலையில் பாதிகூட இல்லை. பயிரைப் பார்த்து, "இன்றைக்கு அடிக்கலாம்" என்றோ "இனி அடித்துப் பயனில்லை, காசை வைத்துக்கொள்ளுங்கள்" என்றோ சொல்லத் தெரிவதுதான் தொழில். இரண்டாவதைச் சொல்லக்கூடியவரைத்தான் விவசாயி அடுத்த பட்டத்துக்கும் கூப்பிடுவார்.

200 லிட்டர், 40,000 லிட்டர்

கழனியில் இறங்கும் முன் இந்தக் கணக்கை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்ட ஏறக்குறைய 40,000 லிட்டர் வேண்டும். நல்ல வெயில் நாளில் பயிரும் மண்ணுமாகச் சேர்ந்து அதில் பாதிக்கு மேல் ஒரே நாளில் ஆவியாக விட்டுவிடும். கைத்தெளிப்பானில் நாம் ஏக்கருக்கு அடிப்பது 200 லிட்டர். ஆகவே இலைத்தெளிப்பு எந்த நாளும் பாசனத்துக்கு மாற்று ஆகாது. அடுத்த தண்ணீர் வரும்வரை பயிர் தாக்குப்பிடிக்க அது கொஞ்சம் அவகாசம் தருகிறது, அவ்வளவுதான். இதை மறைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படி விற்காதீர்கள்.

பெரியவர் ஒருவர் வரப்பில் நின்று, "தம்பி, இத அடிச்சா பயிர் பொழைச்சிக்குமா?" என்று கேட்பார். உடனே ஆமாம் போடாமல், "ஐயா, அடுத்த தண்ணி எப்ப வுடுவீங்க, அதச் சொல்லுங்க முதல்ல" என்று கேளுங்கள். மோட்டார் முறை நாலு நாளில் வரும், ஏரித் தண்ணீர் வாரத்துக்குள் திறப்பார்கள் என்றால் பேச்சைத் தொடரலாம். தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் தெளிப்பும் வீண், உங்கள் கூலியும் வீண்.

சரி, அந்த 200 லிட்டர் என்னதான் செய்கிறது? மண் காய்ந்தால் வேருக்குத் தண்ணீர் மட்டும் குறைவதில்லை. சத்துகள் தண்ணீரில் கரைந்துதான் வேரை அடைய முடியும் என்பதால், மண்ணில் உரம் கிடந்தும் பயிர் பட்டினி கிடக்கும். இலை வழியாகக் கொஞ்சம் கொடுத்தால் அந்தப் பட்டினி தணியும். சாம்பல் சத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. இலைத்துளைகள் திறந்து மூடுவதற்கு அதுதான் பொறுப்பு. அது போதுமான அளவு இருக்கும் பயிர் வெயில் ஏறும்போது துளையை மூடி, இருக்கும் ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. பொட்டாஷ் தெளிப்பை வறட்சிக்குப் பரிந்துரைப்பது இதனால்தான்.

காலை ஆறு மணிக்குப் பயிரைப் பாருங்கள்

மதியம் பன்னிரண்டு மணிக்குப் பயிரைப் பார்த்து முடிவெடுக்கிறவர் இந்த வேலையில் நிலைக்க மாட்டார். அந்த நேரத்தில் ஓரளவு ஈரம் உள்ள கழனியிலும் இலை சுருட்டும். காலை ஆறு மணிக்குப் போங்கள். நேற்று மதியம் சுருண்டிருந்த இலை இரவில் விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். விரிந்திருந்தால் வேர் இன்னும் தண்ணீரை இழுக்கிறது, தெளிப்புக்குப் பலன் உண்டு. விடியற்காலையிலும் ஊசிபோலச் சுருண்டே இருந்தால் பயிர் எல்லையைத் தாண்டிவிட்டது. அந்த இலையில் உப்புக் கரைசலை அடித்தால் நுனி கருகுவதுதான் மிச்சம்.

சுருளுவதிலும் படி உண்டு. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டு முறையில் அதற்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் இருக்கிறது. தட்டையான இலைக்கு 0, லேசாக மடிந்தால் 1, ஆழமாக மடிந்தால் 3, கிண்ணம்போல் குழிந்தால் 5, இரண்டு ஓரமும் தொட்டுக்கொண்டால் 7, இறுகச் சுருண்டால் 9. இதைப் பழகிக்கொண்டு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். "பயிர் கொஞ்சம் வாடியிருந்தது" என்று சொல்பவருக்கும், "காலை 1, மதியம் 5" என்று எழுதிவைத்திருப்பவருக்கும் நேர்முகத் தேர்வில் என்ன வித்தியாசம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சுருண்ட இலையெல்லாம் வறட்சி ஆகாது. ஒரு இலையைக் கையால் பிரித்துப் பாருங்கள். உள்ளே நூல் கட்டி ஒட்டியிருந்து, பச்சையம் சுரண்டப்பட்டு வெள்ளைக் கோடு தெரிந்தால் அது இலைச்சுருட்டுப் புழு. அதற்கு வைத்தியமே வேறு. புழுதி விதைப்புக் கழனியில் இளம் இலை நரம்புகளுக்கு நடுவே வெளுத்திருந்தால் இரும்புச்சத்துக் குறையாக இருக்கலாம். தண்ணீர் நிற்காத மண்ணில் நெல்லுக்கு இரும்பு எளிதில் கிடைப்பதில்லை. அங்கே டிஏபி அடித்துவிட்டு வந்தால் விவசாயிக்குச் செலவு, உங்களுக்குக் கெட்ட பெயர்.

அடுத்து பருவம். தூர் கட்டும் காலத்தில் பயிர் வாடினால் பிறகு மழை கிடைத்ததும் ஓரளவு தேறிவிடும். தண்டு உருண்டு கதிர் உருவாகத் தொடங்குவதிலிருந்து பூ முடியும்வரைதான் ஆபத்தான காலம். பூக்கும் நாட்களில் ஈரம் இல்லாவிட்டால் மகரந்தச் சேர்க்கை நடக்காமல் கதிர் பதராகிவிடும், பிறகு ஏரி நிறைந்து வழிந்தாலும் அந்தக் கதிரில் மணி வராது. எனவே கழனிக்காரரிடம் நடவு தேதியையும் ரகத்தின் வயதையும் கேட்டு, நீங்களே ஒரு தூரைப் பிடுங்கித் தண்டைக் கீறிப் பாருங்கள். அடிக்கணுவுக்கு மேலே வெள்ளையாகப் பஞ்சு நுனிபோல இளங்கதிர் தெரிந்தால் கதிர் உருவாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தேதியைவிட இதுதான் நம்பகம்.

என்ன கலப்பது, எப்படிக் கலப்பது

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைகளே இங்கே நமக்கு அடிப்படை. நெல்லில் ஈரப் பற்றாக்குறைக்கு 1 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு அல்லது 3 சதவீதக் கயோலின் தெளிப்பு. 200 லிட்டருக்குக் கணக்கிட்டால் பொட்டாஷ் 2 கிலோ, கயோலின் என்றால் 6 கிலோ. கயோலின் வெள்ளைக் களிமண் தூள். இலைமேல் மெல்லிய படலமாகப் படிந்து வெயிலைத் திருப்பி அனுப்பும், இலைச் சூடு குறையும். ஆனால் அது கரையாது, டேங்கின் அடியில் தங்கி நாசிலை அடைக்கும். அடிக்கடி குலுக்கிக்கொண்டே அடிக்க வேண்டும்.

கதிர் உருவாகும்போது ஒரு முறையும் பத்து நாள் கழித்து ஒரு முறையும் அடிக்கும் கலவையில் யூரியா 1 சதவீதம், டிஏபி 2 சதவீதம், பொட்டாஷ் 1 சதவீதம். 200 லிட்டருக்கு யூரியா 2 கிலோ, டிஏபி 4 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. டிஏபியை முதல் நாள் மாலையே ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஊறப்போட வேண்டும். காலையில் மேலே நிற்கும் தெளிந்த கரைசலை மட்டும் பருத்தித் துணியில் வடித்து எடுங்கள். அடியில் நிற்கும் மண்டியை டேங்கில் ஊற்றினால் அன்றைய நாள் முழுக்க நாசில் கழற்றுவதிலேயே போகும். சிவப்புப் பொட்டாஷிலும் கரையாத கசடு உண்டு. வெள்ளைப் பொட்டாஷ் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

50 கிலோ டிஏபி மூட்டை 1,350 ரூபாய் என்றால் 4 கிலோவுக்கு 108 ரூபாய்தான் ஆகிறது. தெளிப்பில் சரக்குச் செலவு அற்பம், ஆள் கூலிதான் பெரிது. இதை விவசாயியிடம் ஒளிக்காமல் சொல்லி, சரக்கை அவரையே வாங்கிவைக்கச் சொல்லிவிட்டு உங்கள் கூலியைத் தனியாகப் பேசுங்கள். அந்த 4 கிலோவில் உள்ள தழைச்சத்து முக்கால் கிலோவைத் தொடாது. எனவே அடியுரத்தையும் மேலுரத்தையும் இது ஈடுகட்டும் என்று யாரும் நினைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

உயிர்த் தெளிப்பும் இருக்கிறது. மெத்திலோபாக்டீரியம் என்ற இளஞ்சிவப்பு பாக்டீரியா இயல்பாகவே இலைமேல் வாழ்கிறது. இலை வெளியிடும் மெத்தனாலைத் தின்று, பயிருக்கு வளர்ச்சி ஊக்கிகளைத் தருகிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைத் திரவமாக்கி, பிபிஎஃப்எம் என்ற பெயரில் வறட்சிக்குப் பரிந்துரைக்கிறது. 1 சதவீதம், அதாவது லிட்டருக்கு 10 மில்லி. இது உயிருள்ள சரக்கு என்பதை மறக்காதீர்கள். வண்டிப் பெட்டியில் வெயிலில் போட்டுவைத்தால் செத்துவிடும். பூச்சிமருந்தோடும் பூஞ்சணக்கொல்லியோடும் கலக்கக் கூடாது, அவை அடித்த கழனியில் ஒரு வாரம் பத்து நாள் இடைவெளி விட வேண்டும்.

சைக்கோசெல்லை லிட்டருக்கு 1 மில்லி அடிக்கும் பரிந்துரையும் உண்டு. அது உரமல்ல, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ரசாயனம், பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ் வருவது. வேளாண் அலுவலர் எழுதிக் கொடுக்காமல் புதியவர்கள் அதைத் தொட வேண்டாம்.

கலப்பில் இன்னும் சில. டிஏபியோடு துத்தநாக சல்பேட்டைப் போடாதீர்கள், இரண்டும் சேர்ந்து பால்போல் திரிந்து அடியில் படியும். கடினத் தண்ணீரிலும் டிஏபி அப்படித்தான். புதிய கிணற்றில் தண்ணீர் எடுத்தால் ஒரு பாட்டிலில் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். களைக்கொல்லி அடித்த தெளிப்பானை எக்காரணம் கொண்டும் இதற்கு எடுக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் குழாயிலும் வாஷரிலும் மிச்சம் இருக்கும், நெல்லே கருகிப்போன கதைகள் உண்டு. இதற்கென்று ஒரு தெளிப்பானைத் தனியாக வைத்து, மேலே பெயின்ட்டில் குறி போட்டுவிடுங்கள்.

அளவில் பலரும் தடுக்கி விழும் இடம் நிலக்கணக்கு. இந்தப் பக்கம் பெரியவர்கள் காணிக் கணக்கில் பேசுவார்கள். காணி என்பது சுமார் 1.32 ஏக்கர். "ரெண்டு காணி" என்பதை இரண்டு ஏக்கர் என்று எடுத்துக்கொண்டால் கழனியின் கடைசி மூலைக்குக் கரைசல் இருக்காது. 16 லிட்டர் டேங்க் என்றால் ஏக்கருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று டேங்க் வரும். காலை ஒன்பதுக்குள் முடியுங்கள், அல்லது மாலை நாலுக்கு மேல் ஆரம்பியுங்கள். பூக்கும் பருவம் என்றால் மாலைதான். நெல் முற்பகலில் பூ விரிக்கும், அந்த நேரத்தில் அதன்மேல் தண்ணீர் அடிக்கக் கூடாது. ஒட்டும் திரவம் சேர்க்காவிட்டால் நெல் இலையில் கரைசல் உருண்டு ஓடிவிடும்.

ட்ரோன் ஓட்ட நினைப்பவருக்கு

ட்ரோன் கற்றுக்கொள்வது நல்லதுதான். 10 லிட்டர் டேங்க் வைத்த ட்ரோன் ஒரு ஏக்கரைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடும். கையில் அரை நாள் வேலை அது. 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி, 18 வயது, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மையத்தில் பயிற்சி, அதன் பிறகு ரிமோட் பைலட் சான்றிதழ். குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகமே இந்தப் பயிற்சியை நடத்துகிறது. மகளிர் குழுக்களுக்கு 2023-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த 'நமோ ட்ரோன் தீதி' திட்டம் இருக்கிறது. 15,000 குழுக்கள் இலக்கு, ட்ரோன் விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய்வரை மானியம்.

ஆனால் இங்கே யாரும் அழுத்திச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. மேலே சொன்ன அளவுகள் 200 லிட்டர் தண்ணீருக்கானவை. ட்ரோன் ஏக்கருக்கு அடிப்பது 10 லிட்டர் அளவில்தான். அதே 4 கிலோ டிஏபியை 10 லிட்டரில் போட்டால் கரைசல் 40 சதவீதம் ஆகிவிடும். அது முழுதாகக் கரையவும் கரையாது, கரைந்த மட்டும் இலையைச் சுட்டுவிடும். உப்பு உரங்களுக்குக் கைத்தெளிப்பானும் விசைத் தெளிப்பானும்தான் இன்றைக்கும் சரி. ட்ரோனில் அடிப்பதற்கென்று அளவு வகுத்த சரக்கை மட்டுமே அதில் ஊற்றுங்கள். நானோ உரங்களை ட்ரோனோடு சேர்த்து விற்கிறார்கள். நானோ யூரியாவால் நெல் மகசூல் குறைந்ததாகப் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

நம் பகுதிக்கே உரிய சிக்கல் வான்வெளி. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம், விமானப்படை நிலையம் என்று பாதுகாப்புத் துறை இடங்கள் வரிசையாக இருக்கின்றன. பூந்தமல்லிப் பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம் தொலைவில் இல்லை. விவசாயி கூப்பிட்டார் என்பதற்காக ட்ரோனைக் கிளப்பிவிட முடியாது. அரசு வெளியிடும் ட்ரோன் வான்வெளி வரைபடத்தில் அந்தக் கழனி எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று பார்த்து, அனுமதி தேவையென்றால் வாங்கிய பிறகுதான் தேதி கொடுக்க வேண்டும். ஆவடிக்கு மேற்கே போகப் போக இந்தத் தொல்லை குறையும்.

ஐடிஐ படித்தவர்களுக்கு இன்னொரு வழியும் எனக்குத் தெரிகிறது. பேட்டரித் தெளிப்பான்கள் சீசன் நடுவில்தான் நின்றுபோகும். டயஃப்ரம் கிழியும், பிரஷர் இறங்கும், வாஷர் தேயும். அம்பத்தூர்ப் பட்டறைகளில் கை பழகியவருக்கு இது பெரிய வேலையே இல்லை. தெளிப்பும் பழுதுபார்ப்பும் சேர்ந்தே தெரிந்தவர் மழையில்லாத வாரத்திலும் மழை பெய்யும் வாரத்திலும் சும்மா இருக்க மாட்டார்.

எங்கே கற்பது, எப்படிக் காட்டுவது

ரொம்ப தூரம் போக வேண்டாம். திருவள்ளூர் மாவட்டம் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1942 முதல் இருக்கிறது. டிகேஎம் என்று தொடங்கும் ரகங்கள் எல்லாம் அங்கே பிறந்தவை. நாடெங்கும் பரவிய ஐஆர் 20 ரகத்தின் பெற்றோரில் ஒன்று அங்கே உருவான டிகேஎம் 6. பக்கத்திலேயே வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. பயிற்சி எப்போது என்று கேட்டு, ஒரு பட்டம் முழுக்க அங்கே போய் வாருங்கள். இந்த ஊர் மண்ணையும் ரகத்தையும் அறிந்தவர்கள் அவர்கள்தான்.

பட்டம், பட்டயம் உள்ளவர்கள் சொந்தமாகத் தொடங்க விரும்பினால், 2002 முதல் நடக்கும் வேளாண் சிகிச்சை மற்றும் வேளாண் வணிக மையத் திட்டத்தில் 45 நாள் இலவசப் பயிற்சி உண்டு. வங்கிக் கடனோடு இணைந்து 36 சதவீதம் மானியம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 44 சதவீதம். சம்பள வேலை வேண்டுமென்றால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களையும் உர நிறுவனங்களின் களப்பணி வேலைகளையும் பாருங்கள்.

இரண்டிலும் உங்களைத் தூக்கி நிறுத்தப் போவது அந்த நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு கழனிக்கும் ஊர், ரகம், நடவு நாள், கடைசியாகத் தண்ணீர் விட்ட நாள், காலை மதிய இலை மதிப்பெண், என்ன அடித்தோம், எத்தனை டேங்க், அடுத்த தண்ணீர் எப்போது வந்தது. அதோடு விவசாயியைக் கேட்டு, கழனியில் ஒரு பாத்தியைத் தெளிக்காமல் விடச் சொல்லுங்கள். முதலில் தயங்குவார்கள். அறுவடைக்கு முன் இரண்டு பக்கமும் சில கதிர்களைப் பறித்து, மணியையும் பதரையும் அவர் கண்முன்னே பிரித்து எண்ணிப் பாருங்கள். பலன் தெரிந்தால் அவரே நாலு பேரிடம் சொல்வார். தெரியாவிட்டால் அந்தக் கழனியில், அந்தப் பருவத்தில் அது தேவையில்லை என்று நீங்கள் கற்றுக்கொண்டீர்கள். நோட்டில் இரண்டையும் எழுதுங்கள்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக மாநில அரசு அறிவித்தது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளே வறண்டன. அப்படிப்பட்ட ஆண்டில் தெளிப்பு எந்தக் கழனியையும் காப்பாற்றாது. அந்த ஆண்டில் உங்கள் வேலை, ஈரம் இருக்கும் கழனியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. இந்தத் தொழில் அதிகம் பயன்படுவது சாதாரண ஆண்டுகளில், இரண்டு மழைக்கு நடுவே விழும் இரண்டு வார இடைவெளியில்தான். செவ்வாய், வெள்ளி தோறும் வரும் வேளாண் வானிலை அறிக்கையைத் தவறாமல் படியுங்கள். இரண்டு நாளில் மழை என்றால் தெளிப்பைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

தொடங்க நல்ல நேரம் சொர்ணவாரி. சித்திரை, வைகாசியில் நட்ட பயிர் கடும் வெயிலில் தூர் கட்டி ஆனி, ஆடியில் கதிர் விடும். சுருண்ட இலையை 0 முதல் 9 வரை எல்லா நிலையிலும் பார்த்துப் பழக அதைவிட வாய்ப்பு இல்லை. தை, மாசியிலேயே திரூருக்கு ஒரு நடை போய்ப் பேசிவிட்டு வாருங்கள். சம்பா வரும்போது கையில் ஒரு பட்டத்து நோட்டு இருக்கும்.